கூட்டிக் கட்டிய யந்திரம்

1983-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் புதியதொரு கணினி கடைக்கு வந்தால், அதன் யோக்கியதையைப் பரீட்சித்துப் பார்க்க விரும்பிய பத்திரிகைக்காரர்களும் வியாபாரிகளும் அதில் முதலில் செருகிப் பார்த்த வட்டு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருந்தது: ஒன்று, கணக்கு வழக்குப் பார்ப்போருக்காக எழுதப்பட்ட லோட்டஸ் 1-2-3, மற்றொன்று, நாற்காலியில் அமர்ந்தபடியே சிகாகோ நகரத்தின்மேல் சிறு விமானம் ஓட்டிப் பார்க்கிற மைக்ரோஸாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் விளையாட்டு. இவ்விரண்டும் ஓடினால் அந்த யந்திரம் ஐபிஎம் கணினிக்கு ஒத்தது. ஓடாவிட்டால், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஒத்ததன்று. இத்தனை பெரிய வழக்கில் ஒரு விளையாட்டைப் போய்ச் சாட்சிக்கு அழைப்பானேன் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மற்ற நிரல்கள் இயங்குதளத்தின் மூலமாக மரியாதையுடன் வேலை வாங்கிக்கொண்டிருக்க, புரூஸ் ஆர்ட்விக் எழுதிய அந்த விமான விளையாட்டோ, இயங்குதளத்தைக் கேளாமலே தன் வட்டிலிருந்து தானே எழுந்து, யந்திரத்தின் சில்லுகளை நேருக்கு நேர் அதட்டி வேலை வாங்கியதாதலால், ஐபிஎம்மின் உள்ளமைப்பிலிருந்து மயிரிழை விலகிய யந்திரத்திலும் அது படுத்துவிடும். மைக்ரோஸாஃப்டின் அதே இயங்குதளத்தை வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்த டெக் ரெயின்போ முதலிய நல்ல யந்திரங்கள் ஐபிஎம்முக்கென எழுதப்பட்ட நிரல்களை ஓட்ட முடியாமல் ஒதுங்கிப்போன காலம் அது.

பாகங்களைத் தனித்தனியே வாங்கி, ஒன்றோடொன்று பொருந்துமா என்று தேர்ந்து, குறைந்த பணத்தில் விளையாட்டுக் கணினி ஒன்றைக் கூட்டிக் கட்டுகிற தொழிலின் சரித்திரத்தை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். பணம் உள்ளவன் விலையைக் கொடுத்துவிட்டுப் போகிற இடத்தில், பணம் இல்லாதவன் அதற்கு ஈடாக விஷயஞானத்தைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்ததே இந்தத் தொழிலின் மூலதனம். ஆயினும், நாற்பது ஆண்டுகளாக நிபுணர்கள் அரும்பாடுபட்டும் பாகங்களுக்கிடையே உள்ள பொருத்தமின்மை ஒழிந்தபாடில்லை. கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அது குடிபெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம்.

பொருத்தம் என்னும் வரம் யாருடைய தர்மசிந்தையிலும் பிறந்ததன்று. அது அவசரத்தில் பிறந்தது. 1980-இல் ஐபிஎம் ஸ்தாபனத்தைச் சேர்ந்த வில்லியம் லோ என்பவர், ஒரு வருஷத்துக்குள் சிறிய கணினி ஒன்றைச் செய்து தருவதாக மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்; அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு, ஃப்ளாரிடா மாகாணத்து போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜின் தலைமையில் கூடிய ஒரு சிறு குழுவின் தலையில் விழுந்தது. ஆணி முதல் அச்சு வரை எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் வழக்கமுடைய ஸ்தாபனம், தன் சம்பிரதாயத்தைக் கடைப்பிடிக்க அவகாசம் இல்லாமையால், இன்டெல்லிடம் 8088 பிராசஸரையும் மைக்ரோஸாஃப்டிடம் இயங்குதளத்தையும் வாங்கிக்கொண்டு, வெளிச்சந்தையில் கிடைத்த சாதாரணப் பாகங்களால் அந்தக் கணினியைக் கட்டி, 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி 1,565 டாலர் ஆரம்ப விலையில் வெளியிட்டது. அதன் மதர்போர்டில், வெளியார் செய்யும் அட்டைகளைச் செருகிக்கொள்ள ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அப்படிச் செய்ய விரும்புவோருக்கு உதவியாக, மின்சுற்றுப் படங்களும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் முழு எழுத்தும் அடங்கிய தொழில்நுட்பக் கையேடு ஒன்றையும் அவர்களே அச்சிட்டு விற்றார்கள். உலகத்தின் மிகப் பெரிய கணினி ஸ்தாபனம் தன் வீட்டின் வரைபடத்தை விலைக்கு விற்றது என்றால், அது உதாரகுணத்தால் அன்று, அட்டை வியாபாரிகள் திரண்டு வந்தால் தன் யந்திரமும் விலைபோகும் என்ற கணக்கால்தான்.

அந்த வீட்டில் பூட்டியிருந்த அறை ஒன்றே ஒன்று, அதுவே பயாஸ். மற்றப் பாகங்களை யாரும் கடையில் வாங்கலாம், ஆனால் பயாஸின் எழுத்துக்கு ஐபிஎம்மிடம் பதிப்புரிமை இருந்தது. அதை அப்படியே நகல் எடுத்ததாக ஈகிள், கொரோனா ஆகிய இரு கம்பெனிகள்மீது 1984-இல் ஐபிஎம் வழக்குத் தொடர, அவை சமாதானம் செய்துகொண்டு பின்வாங்கின. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை விட்டு விலகிய மூவர் 1982-இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கிய காம்பாக் கம்பெனி பிடித்த வழியோ வேறு. ஒரு குழுவினர் ஐபிஎம்மின் எழுத்தைப் படித்து, அது என்னென்ன காரியம் செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுக்க, அந்த எழுத்தைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழுவினர் அக்குறிப்பைக் கொண்டே புதிய நிரலை எழுதினார்கள். காரியம் ஒன்று, எழுத்து வேறு. சட்டத்துக்கு இதில் பிடி கிடைக்கவில்லை. காம்பாக் தன் பயாஸைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. 1984-இல் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் அதே யுக்தியால் ஒரு பயாஸை எழுதி, காசு கொடுக்கும் எவருக்கும் விற்கத் தொடங்கியபோதுதான் கதவு முழுவதும் திறந்தது. அடுத்த வருஷம் ஜார்ஜியா மாகாணத்தில் எஸ். சங்கர், பாட் சர்மா ஆகிய இரு இந்திய வம்சாவளியினர் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் கம்பெனியின் பயாஸ் பின்னாளில் உலகெங்கும் மலிவான மதர்போர்டுகளில் குடியேறியது. சென்னையிலும் அக்கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. கணினியை இயக்கியவுடன் கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளை அசட்டையாகப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், அவற்றை எழுதிய கைகளில் சில நம்மூர்க் கைகள் என்று அறியார்கள்.

பூட்டிய அறையை இழந்த ஐபிஎம், 1987-இல் பிஎஸ்/2 என்ற புதிய வரிசையையும், அனுமதிக்கட்டணம் செலுத்தினாலன்றிப் பிறர் தொடக்கூடாத மைக்ரோ சானல் என்ற புதிய ஸ்லாட்டையும் கொண்டுவந்து ராஜ்யத்தை மீட்கப் பார்த்தது. காம்பாக், எச்பி, எப்ஸன், என்இசி முதலிய ஒன்பது கம்பெனிகள் மறு வருஷமே ஒன்றுகூடி வேறொரு ஸ்லாட்டை அறிவித்துவிட்டன. அந்த யுத்தத்தின் விவரம் நமக்கு வேண்டாம். அது முடிந்தபோது, இனி எந்தத் தனி முதலாளியும் பொருத்தத்தின் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்ள முடியாது என்பது உறுதியாயிற்று.

சாவி போய்ச் சேர்ந்த இடம் தைவான். அத்தீவின் அரசாங்கம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கருதி, காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டு யந்திரங்களை 1982-இல் தடைசெய்தது. அவற்றுக்கான சுற்றுப்பலகைகளைச் செய்து பிழைத்துவந்த சிறு பட்டறைகள் பல, ஒரே நாளில் பிழைப்பற்றுப்போய், கையில் இருந்த தொழிலைக் கொண்டு ஆப்பிள் கணினியின் நகல்களைச் செய்யத் தலைப்பட்டன. ஆப்பிள் வழக்குத் தொடுத்து விரட்டவே, சட்டத்தின் கண்ணில் குற்றமற்ற ஐபிஎம் ஒத்த யந்திரங்களின் பக்கம் திரும்பின. விளையாட்டைத் தடைசெய்த உத்தரவு ஒன்று, பின்னாளில் உலகத்து விளையாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் மதர்போர்டு செய்து கொடுக்கும் தேசத்தை உருவாக்கத் துணைசெய்தது என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. 1986-இல் கிகாபைட்டும் எம்எஸ்ஐயும், 1989-இல் ஏஸர் கம்பெனியிலிருந்து விலகிய நான்கு பொறியாளர்களால் ஏஸுஸும் தொடங்கப்பெற்றன. தைப்பே நகரில் குவாங்ஹுவா பாலத்தின் அடியில் பழைய புத்தகம் விற்ற சந்தை மெல்ல மெல்லக் கணினிப் பாகங்களின் சந்தையாக மாறியது.

அந்தக் காலத்தில் யந்திரத்தைக் கூட்டிக் கட்டுகிறவனுக்கு வேண்டிய ஞானம் பெரும்பாலும் விரல் நுனியில் இருந்தது. மின்சாரப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு வருகிற கம்பிகள், பி8, பி9 என்று பெயரிட்ட இரண்டு தனித்தனிச் செருகிகளில் முடியும். இரண்டுக்கும் உருவம் ஒன்றே, ஆகையால் இடம் மாற்றிச் செருகினாலும் தடையின்றி உட்காரும், உட்கார்ந்த மதர்போர்டு பொத்தானைத் தட்டிய மாத்திரத்தில் கருகும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பது அக்காலத்துச் சிஷ்யன் முதல் நாள் கேட்கும் உபதேசம். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பு, தப்பாகச் செருகவே இயலாத ஒற்றைச் செருகியைக் கொண்டுவந்து அந்த அபாயத்தை ஒழித்தது. ராம் விஷயத்திலும் இப்படியே: 486 யந்திரத்தில் 30 முனை கொண்ட ராம் குச்சிகளை நான்கு நான்காகவும், பெண்டியத்தில் 72 முனை கொண்டவற்றை இரண்டிரண்டாகவும் செருகினாலன்றி யந்திரம் கண் திறவாது, பிராசஸர் ஒரே சமயத்தில் 32 பிட்டுகளையோ 64 பிட்டுகளையோ கேட்க, குச்சி ஒன்று 8 அல்லது 32 பிட்டுகளை மட்டுமே தருவது காரணம். கையில் ஒரு குச்சிக்குத்தான் காசு இருக்கிறது என்று யந்திரத்திடம் மன்றாட முடியாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சோதனை, ஒலி. சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989-இல் வெளியிட்ட ஸவுண்ட் பிளாஸ்டர் அட்டை, அதுவரை பீப் என்று முனகிக்கொண்டிருந்த கணினிக்குக் குரல் கொடுத்தது. விளையாட்டு எழுதுவோர் அனைவரும் அதற்கென்றே ஒலி எழுதினார்கள். ஆனால் அந்த அட்டை பிராசஸரை அழைப்பதற்கு ஓர் இலக்கமும், தரவு அனுப்புவதற்கு ஒரு பாதையும், இருப்பிடத்துக்கு ஒரு முகவரியும் வேண்டும்; யந்திரத்தில் இருந்த அழைப்பு எண்களோ பதினைந்து, பதினாறுதான்; அவற்றிலும் பெரும்பாலானவற்றை விசைப்பலகை, வட்டு, கடிகாரம் முதலியவை முன்னமேயே பிடித்துக்கொண்டிருந்தன. ஸவுண்ட் பிளாஸ்டர் சுபாவமாகக் கேட்ட 7-ஆம் எண்ணில் அச்சு யந்திரம் உட்கார்ந்திருக்கும். அட்டையின்மேல் இருந்த ஜம்பர் என்னும் சிறு கறுப்பு மூடியைப் பிடுங்கி 5-ஆம் எண்ணில் மாற்றிப் பொருத்தி, விளையாட்டிடமும் அந்த எண்ணைத் தவறாமல் சொன்னால்தான் அசுரனின் உறுமல் கேட்கும். 1993-இல் டூம் வெளிவந்து உலகைப் பித்தாக்கியபோது, அதை ஆடிய பிள்ளைகளில் அநேகர் 220, 5, 1 என்ற மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்து யாராவது கம்ப்யூட்டர் சாஸ்திரம் சொல்லிக்கொடுக்க முயன்றிருந்தால் இவ்வளவு சிரத்தையாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

மலிவு விலையில் மறைந்திருந்த முதற் பெரும் படுகுழியைத் தோண்டியதும் ஒரு விளையாட்டுத்தான். சாக்கெட் 7 என்ற 321 துளைகள் கொண்ட இருக்கையில் இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் என்று போட்டிக் கம்பெனிகள் அனைத்தின் பிராசஸர்களும் அமர முடிந்த அந்தச் சிறு காலம், கூட்டிக் கட்டுவோரின் பொற்காலம் என்று இன்றும் சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. ஆனால் பொற்காலங்கள் எல்லாவற்றையும் போலவே அதையும் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. சைரிக்ஸின் 6x86 பிராசஸர், 150 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே 200 மெகாஹெர்ட்ஸ் பெண்டியத்துக்குச் சமானம் என்று தன் பெயரிலேயே எழுதிக்கொண்டது. அலுவலக வேலைகளில் அந்தக் கர்வம் பொய்யும் அன்று. 1996 ஜூனில் வந்த குவேக் என்னும் விளையாட்டு, மைக்கேல் ஆப்ராஷின் கைவண்ணத்தால், தசமக் கணக்கு ஒன்றை ஒரு பக்கம் வகுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் திரையில் புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும்படி, பெண்டியத்தின் உள்ளமைப்பை அளந்து எழுதப்பட்டிருந்தது. சைரிக்ஸுக்கு அந்த இரட்டை வேலை கைவரவில்லை. இருக்கையில் சரியாக உட்கார்ந்து, மற்ற எல்லா வேலையையும் செவ்வனே செய்து, விலையிலும் மலிவாக இருந்த பிராசஸர், எந்த ஒரு காரியத்துக்காக ஒரு பையன் தகப்பனாரை நச்சரித்து வாங்கினானோ அந்த ஒரு காரியத்தில் மட்டும் தடுக்கி விழுந்தது. துளையில் பொருந்துவது ஒன்று, நோக்கத்துக்குப் பொருந்துவது வேறொன்று என்ற பேதம் இந்தத் தொழிலுக்குள் அன்று நுழைந்து, அப்புறம் வெளியேறவேயில்லை.

அதே வருஷம் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ அட்டை வந்தது. முப்பரிமாணக் காட்சியை மட்டுமே வரையத் தெரிந்த அந்த விசித்திரப் பொருளுக்குச் சாதாரணத் திரையெழுத்தை வரையத் தெரியாது. ஆதலால் பழைய திரை அட்டையும் கூடவே இருக்க வேண்டும், அதன் வெளிவாயிலிருந்து ஒரு குட்டைக் கம்பி வூடூவின் வாய்க்குள் போய், அங்கிருந்துதான் திரைக்குப் போக வேண்டும். இருப்பதை எறியாமல் மேலே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாடு சிக்கனக்காரர்களுக்கு எத்தனை உவப்பாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

சிக்கனத்தின் வீரகாவியம் ஒன்று உண்டென்றால் அது 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குரியது. இன்டெல் அன்று ஒரே நாளில் இரண்டு பிராசஸர்களை விற்பனைக்கு வைத்தது: 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பெண்டியம் II, விலை 669 டாலர், 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலரான் 300ஏ, விலை 149 டாலர். செலரான் தன் உள்ளே 4.5 என்ற பெருக்கு எண்ணை மாற்ற முடியாதபடி வைத்துக்கொண்டு, மதர்போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை அதனால் பெருக்கி 300 ஆக்கிக்கொள்ளும் பிராசஸர். பெருக்கு எண்ணைத்தான் மாற்ற முடியாது, துடிப்பை? மதர்போர்டில் 66-ஐ 100 ஆக மாற்றிவிட்டால், 4.5 மடங்கு 450. கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பிராசஸர்களில் மிகப் பல, முணுமுணுப்பின்றி 450-இல் ஓடின. அவற்றில் பிராசஸருக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கும் 128 கிலோபைட் இடைநினைவகம் இருந்தமையால், விளையாட்டுகளில் நான்கு மடங்கு விலையுள்ள அண்ணனுக்குப் பக்கத்திலேயே அது நின்றது. ஏபிட் என்னும் தைவான் கம்பெனியின் பிஎச்6 மதர்போர்டில், ஜம்பரைத் தொடாமல் திரையிலேயே துடிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. அந்த வசதி இல்லாத மதர்போர்டு வைத்திருந்தவர்கள், பிராசஸர் அட்டையின் பி21 என்ற ஒரேயொரு முனையின்மேல் துணுக்கு ஒட்டுத்தாளை ஒட்டி, 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்தான் வந்திருக்கிறது என்று மதர்போர்டை ஏமாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஏஎம்டியின் ட்யூரான், அத்லான் பிராசஸர்களின் பெருக்கு எண் பூட்டைத் திறக்க, அவற்றின் பீங்கான் முதுகில் வெட்டிவிடப்பட்டிருந்த எல்1 என்னும் நுண்ணிய பாலங்களைப் பென்சிலால் கோடிழுத்து இணைத்தார்கள். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கானைக் கைவிட்டு, பாலங்களுக்கிடையே குழி பறித்து, ஏஎம்டி அடுத்த பிராசஸரில் அந்த வழியை அரிதாக்கியது. அரைப் பென்சில் செய்த காரியத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு விதக் குதூகலம் உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

இந்தக் கலை தமிழ்நாட்டில் காலூன்றிய இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோவின் உதிரிகளும் ஒலிபெருக்கிச் சாமான்களும் விற்ற அந்தக் குறுகலான தெருவும் அதைச் சூழ்ந்த சந்துகளும், தொண்ணூறுகளில் மதர்போர்டும் ராமும் விற்கும் அங்காடியாக மாறின. 1984-இன் கணினிக் கொள்கையால் இறக்குமதி சற்றுத் தளர்ந்திருந்தாலும், தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் சுங்க வரியை நீக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா சேர்ந்து, 2005-க்குள் படிப்படியாக அந்த வரி கரைந்த காலத்தில்தான், நடுத்தரக் குடும்பத்துக்குக் கணினி என்பது எட்டும் பொருளாயிற்று. எட்டியதும் பெரும்பாலும் கம்பெனி முத்திரை பதித்த பெட்டி அன்று, அசெம்பிள்டு சிஸ்டம். சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேரும், கொழும்புத் தமிழர்களுக்குப் பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாஸாவும் இதே தீர்த்த ஸ்தலங்கள். கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் பிராசஸர், போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட் என்று வரிசையாக எழுதி எதிரே விலை போட்டுக் கூட்டித் தரும் கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கடையில் அதைவிட நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கும் வழக்கத்தை அந்தத் தெருவில் கால் வைத்தவர் யாரும் அறிவர்.

அந்தக் கொட்டேஷனில் எழுதப்படாத ஒரு பாகம் இருந்தது, அதுதான் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்சாரப் பெட்டி. கேபினெட்டோடு சேர்ந்தே வந்துவிடும், ஆகையால் அதற்குத் தனி விலை இல்லை. தனி விலை இல்லாத பொருளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அதன் முதுகில் 400 என்றோ 450 என்றோ வாட் எண் ஒட்டியிருக்கும். அந்த எண் மெய்யா என்பது ஒரு புறம் இருக்க, மெய்யாகவே இருந்தாலும் அது எந்தக் கம்பியில் கிடைக்கிறது என்பதே கேள்வி. பழைய யந்திரங்களில் பிராசஸர் தன் மின்சாரத்தை 5 வோல்ட் கம்பியிலிருந்து எடுத்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெண்டியம் 4, அதை 12 வோல்ட்டுக்கு மாற்றி, அதற்கென்று நான்கு முனைச் செருகி ஒன்றையும் கூட்டியது. அப்புறம் கிராபிக்ஸ் அட்டைகளும் 12 வோல்ட்டிலேயே வாய் வைத்தன. எண்ணின் பெரும்பகுதியை 5 வோல்ட்டில் வைத்துக்கொண்டிருந்த பழைய மாதிரி எஸ்எம்பிஎஸ், புதிய செருகி ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு புது யந்திரத்துக்குள் புகுந்தால், சும்மா இருக்கும் வரையில் சாதுவாக இருந்துவிட்டு, விளையாட்டு சூடுபிடிக்கும் தருணத்தில் யந்திரத்தை அணைத்துவிடும். பழி ராமின்மேலும் விண்டோஸின்மேலும் விழும். பெட்டியைக் கையில் தூக்கி, கனமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிய அநுபவஸ்தர்களைக் கண்டு அன்று சிரித்தவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் மின்மாற்றியும் வெப்பம் வாங்கும் அலுமினியமும் சிறுத்தால் கனம் குறையும் என்பதால், தராசு இல்லாத அந்தப் பரீட்சையில் ஓரளவு நியாயம் இருந்தது.

எழுத்திலும் ஏமாற்றம் ஒளிந்திருந்தது. இன்டெல்லின் 845ஜி சில்லுக்கூட்டத்தைக் கொண்ட போர்டில், உள்ளமைந்த கிராபிக்ஸ் போதாதென்று தோன்றினால் பின்னால் ஓர் அட்டை செருகிக்கொள்ள ஏஜிபி ஸ்லாட் உண்டு. பெயரில் ஒரேயோர் எழுத்துக் கூடிய 845ஜிவி-யில் அது இல்லை. கொட்டேஷனில் விலை குறைந்ததன் காரணம் அந்த ஓர் எழுத்து. பிள்ளைகள் வைஸ் சிட்டி விளையாட்டில் மோட்டார் வண்டி ஓட்டும் ஆசையோடு பணம் சேர்த்துக் கிராபிக்ஸ் அட்டை வாங்கப் போகும்போதுதான், செருகுவதற்கு இடமே இல்லை என்று தெரியவரும். 2002-இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் அட்டையோ, பெயரில் நான்காம் தலைமுறையைச் சூடிக்கொண்டு, குணத்தில் இரண்டாம் தலைமுறையாக இருந்தது. பிக்ஸல் ஷேடர் என்ற நிழல் வித்தை அதற்குத் தெரியாது, அதைக் கட்டாயமாகக் கேட்ட விளையாட்டுகள் அதில் ஓடவில்லை. விலை குறைந்த பொருளுக்கு விலை உயர்ந்த பொருளின் பெயரைச் சூட்டுவதை வியாபார தந்திரம் என்று மன்னித்து விடுவோரோடு நான் சேர மாட்டேன். அந்தப் பெயரை நம்பி ஏமாறுகிறவன், இரண்டாம் முறை வாங்கக் காசு இல்லாதவனே ஆவான்.

இதற்கு நேர்மாறான மனப்பான்மையும் உண்டு என்பதற்கு ஏஎஸ்ராக் கம்பெனி ஒன்றே போதிய சாட்சி. ஏஸுஸின் கிளையாக 2002-இல் பிறந்து, மலிவுப் பொருள்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள், பணக்கார போர்டுகளில் எவரும் செய்யத் துணியாத சேர்க்கைகளைச் செய்தார்கள். ஏஜிபி மறைந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புதிய ஸ்லாட் வந்துகொண்டிருந்த சந்திக் காலம். டிடிஆர் ராம் போய் டிடிஆர்2 வந்துகொண்டிருந்த காலமும் அதுவே. புதிய கோர் 2 டுவோ பிராசஸர் வேண்டுமானால் ராம், கிராபிக்ஸ் அட்டை, போர்டு மூன்றையும் ஒரே மூச்சில் மாற்று என்று மற்றவர்கள் சொன்னபோது, 775டூயல்-விஎஸ்டிஏ என்ற ஏஎஸ்ராக் போர்டு, பழைய ராமுக்கு இரண்டு இடமும் புதிய ராமுக்கு இரண்டு இடமும், பழைய கிராபிக்ஸ் அட்டைக்கு ஒன்றும் புதியதற்கு ஒன்றுமாக ஸ்லாட்டுகளை வைத்துக்கொண்டு வந்தது. இந்த மாதம் பிராசஸர், தீபாவளிக்கு ராம், அடுத்த வருஷம் கிராபிக்ஸ் அட்டை என்று தவணையாக யந்திரத்தைப் புதுப்பிக்கிற குடும்பத்தின் வரவு செலவை உணர்ந்து செய்த பொறியியல் அது. புதிய ஸ்லாட்டில் தரவுப் பாதைகள் நான்கே இருந்தன, வேகம் சற்றுக் குறைவு என்று குறைகூறியவர்கள், அந்த போர்டை வாங்கியவர்கள் அல்லர்.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் பிராசஸர் பொருந்தும் என்ற பழைய நம்பிக்கையும் இதற்குள் செத்துக்கொண்டிருந்தது. 2004-இல் வந்த எல்ஜிஏ 775 இருக்கையில் கோர் 2 டுவோ அங்குலம் பிசகாமல் உட்கார்ந்தது. ஆனால் அதே இருக்கையுள்ள முந்தைய போர்டுகள் பல, அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் கொடுக்கத் தெரியாமல் விழித்தன. 2017 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட எட்டாம் தலைமுறை, 1151 முனை கொண்ட பழைய இருக்கையிலேயே உட்காரும். உட்கார்ந்தாலும் முந்தைய போர்டில் ஓடாது. பி8, பி9 காலத்தில் தவறு செய்தால் புகை வந்து சொல்லும்; இப்போது கறுப்புத் திரை ஒன்று மட்டும் எதிரே நிற்கிறது. 2022 ஜனவரியில் 199 டாலர் விலையில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை இதிலும் ஒரு படி மேலே போயிற்று. நான்கே பாதைகள் கொண்ட அது, புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் தன் திறமையைக் காட்டும். யாரிடம் விற்கவென்று செய்யப்பட்டதோ அந்தச் சிக்கனக்காரர்களிடம் இருந்ததோ பெரும்பாலும் 3.0 போர்டு, அதில் பாதைக்குப் பாதை வேகம் பாதி. பொருந்தும், ஓடும், திரையில் காட்சியும் வரும். அட்டையின் நான்கு ஜிகாபைட் நினைவகம் நிரம்பி வழிகிற விளையாட்டில் மட்டும் தடுமாறும். இதைக் கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த விரலாலும் முடியாது.

ஏஎம்டியின் ஏஎம்4 இருக்கையை இந்த நீண்ட சரித்திரத்தின் விதிவிலக்கு என்று புகழ்கிறார்கள்; பெரும்பாலும் நியாயமான புகழே. 2017 மார்ச்சில் முதல் ரைஸன் பிராசஸரோடு கடைகளில் நிலைபெற்ற அந்த இருக்கைக்கு, 2024 ஜனவரியில்கூட 5700எக்ஸ்3டி என்ற புதிய பிராசஸர் வந்தது. 2017-இல் வாங்கிய மலிவு போர்டில், புது பயாஸ் ஒன்றை ஏற்றிவிட்டு, அதைச் செருகி விளையாடலாம். ஆனால் அந்தப் புது பயாஸை ஏற்றுவதற்கே யந்திரம் முதலில் உயிர் பெற வேண்டும். பழைய பயாஸ் உள்ள போர்டும், அது அறியாத புது பிராசஸரும் மட்டும் கையில் இருப்பவன் என்ன செய்வான்? 2018-இல் 2200ஜி பிராசஸர் வந்தபோது இந்த இக்கட்டில் சிக்கியவர்களுக்கு, ஏஎம்டி ஒரு பழைய பிராசஸரை அஞ்சலில் இரவல் அனுப்பி, பயாஸ் ஏற்றியபின் திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்து வந்த தொல்லை இடநெருக்கடி. மலிவு போர்டுகளில் பயாஸ் வைக்கும் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட். வருஷா வருஷம் புதிய பிராசஸர்களுக்கான குறிப்புகள் சேரச் சேர அதில் இடம் போதவில்லை. போர்டு செய்வோர் சிலர், பயாஸ் திரையின் வண்ணப் படங்களைக் களைந்து எளிய எழுத்துத் திரைக்குத் திரும்பினார்கள். அதுவும் போதாதபோது, ரைஸனுக்கு முந்தைய ஏ வரிசைப் பிராசஸர்களுக்கான குறிப்புகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை எழுதினார்கள். ஆகவே, இன்றைக்கு ரிச்சி தெருவில் பழைய ஏஎம்4 போர்டு ஒன்றைக் குறைந்த விலைக்குப் பேசி முடிக்கிறவன், சாக்கெட் பழுதாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபின், அதில் எந்தத் தேதியின் பயாஸ் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். தன்னிடம் இருப்பது பழைய ஏ வரிசைப் பிராசஸரானால், தேதி மிகப் புதியதாக இருப்பதும் ஆகாது.